மாத்திரை அட்டையின் சின்ன எழுத்தைப் படியுங்கள்

கேள்வி: களியக்காவிளைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். மாமியாருக்கு 68 வயது. சர்க்கரை, பிரஷர் இரண்டும் உண்டு. மூன்று வருஷத்துக்கு முன் திருவனந்தபுரத்தில் இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். மாத்திரைக்கு மட்டும் மாதம் 4,300 ரூபாய் ஆகிறது. அங்கே எழுதித் தருவதில் சிலது எங்கள் ஊர் மெடிக்கலில் கிடைப்பதில்லை. கணவர் கேரளப் பக்கம் பாறசாலைக்குப் போய் வாங்கி வருகிறார். செலவை நினைத்து மாமி ஒன்று விட்டு ஒரு நாள்தான் குளிகை போடுகிறார் என்பது போன வாரம்தான் தெரிந்தது. என்ன செய்யலாம்?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

பணத்தைப் பற்றிப் பேசுமுன், இன்று ராத்திரியே மாமியார் பக்கத்தில் உட்கார்ந்து பேசுங்கள். திட்ட வேண்டாம். பிள்ளைகளுக்குப் பாரமாகக் கூடாது என்றுதான் அப்படிச் செய்திருப்பார். ஆனால் ஸ்டென்ட் வைத்தவர் ரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரையைத் தானாக விட்டால், அந்த ஸ்டென்ட்டுக்குள்ளேயே ரத்தம் கட்டிக்கொள்ளலாம். சர்க்கரை மாத்திரையை விட்டால் அளவு ஏறும். மருந்து போதவில்லை என்று நினைத்து டாக்டர் இன்னொன்றைச் சேர்ப்பார், செலவு இன்னும் கூடும். அதனால் இதுவரை விட்டதை டாக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

சரி, இப்போது செலவுக்கு வருவோம். வீட்டில் இருக்கும் அட்டைகளையெல்லாம் மேசையில் பரப்புங்கள். முன்னால் தெரிவது கம்பெனி வைத்த பெயர். அதை விட்டுவிட்டு, 'ஐ.பி.' (IP) என்று முடியும் வரியைத் தேடுங்கள். மெட்பார்மின், டெல்மிசார்டன், அட்டோர்வாஸ்டாட்டின், குளோபிடோக்ரெல் என்று ஏதாவது இருக்கும். அதுதான் மருந்து. பக்கத்தில் இருக்கும் மில்லிகிராம் எண்ணையும், மருந்து மெல்ல மெல்ல வெளிவரும் என்பதைக் காட்டும் எஸ்.ஆர்., எக்ஸ்.எல். போன்ற எழுத்துகள் இருந்தால் அவற்றையும் விடாமல் ஒரு நோட்டில் எழுதுங்கள். உங்கள் கணவர் எல்லை தாண்டிப் போவது பெரும்பாலும் ஒரு கம்பெனியின் பெயருக்காகத்தான். மருந்து உங்கள் ஊரிலேயே வேறு பெயரில் இருக்கக்கூடும்.

அப்புறம், டாக்டரின் மருந்துச் சீட்டு எப்போது எழுதியது என்று பாருங்கள். ஸ்டென்ட் வைத்தபோது எழுதியதையே ஒவ்வொரு தடவையும் பார்த்து எழுதிக்கொண்டிருந்தால், அங்கேதான் பெரிய தொகை போய்க்கொண்டிருக்கும். எம்பாகிளிஃப்ளோசின் என்ற சர்க்கரை மருந்தைச் சொல்கிறேன். ஒரே கம்பெனியிடம் காப்புரிமை இருந்த காலத்தில் ஒரு மாத்திரை ஏறக்குறைய 60 ரூபாய் விற்றது. 2025 மார்ச்சில் காப்புரிமை முடிந்ததும் பல கம்பெனிகள் கொண்டுவந்தன. சிலவற்றின் விலை பத்து ரூபாய்க்கு அருகில் இறங்கியது. சிட்டாகிளிப்டின் என்ற இன்னொரு சர்க்கரை மருந்துக்கு 2022-இலேயே இப்படி ஆனது. இந்தப் பெயர்கள் உங்கள் நோட்டில் வந்தால், டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது இதைத்தான்.

டாக்டரிடம் கேட்கத் தயங்காதீர்கள். "சார், மாசம் இவ்வளவு ஆகுது, மருந்துப் பேரையே எழுதித் தர முடியுமா? இதில் இப்போ தேவைப்படாதது ஏதாவது உண்டா?" இவ்வளவு கேட்டால் போதும். வயிற்றுக்கு என்று கொடுத்த மாத்திரை சில சமயம் காரணம் தீர்ந்த பின்னும் சீட்டில் நிற்கும். அதை நிறுத்துவதும் தொடர்வதும் அவர் சொல்ல வேண்டியது. தைராய்டு, வலிப்பு மருந்துகள் சீட்டில் இருந்தால், அவரைக் கேட்காமல் கம்பெனியை மாற்றவே கூடாது.

மருந்துப் பெயரோடு போக வேண்டிய இடம் மக்கள் மருந்தகம் எனப்படும் ஜன் ஔஷதி கடை, மத்திய அரசுத் திட்டத்தின் மலிவு விலை மருந்துக்கடை. 'ஜன் ஔஷதி சுகம்' செயலியில் பக்கத்துக் கடையும் விலையும் தெரியும். 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகங்களும் இருக்கின்றன. திருவனந்தபுரம் போகிற நாளில் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் கேரள அரசு நடத்தும் காருண்யா பார்மசியிலும் கேளுங்கள். கம்பெனி மருந்தே அங்கே தள்ளுபடியில் கிடைக்கும். மெட்பார்மின் போன்றவற்றுக்குக் காசே தர வேண்டாம். உங்கள் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிவு செய்தால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வரும். பிரஷருக்கு அங்கே தருவது வேறு மருந்தாக இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு மாற்றுங்கள்.

பில்லையும் ஒரு தடவை பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கு ஜிஎஸ்டி 12-இல் இருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை மட்டும் பாக்கி. என் அப்பாவுக்குப் பிரஷர் மாத்திரையின் கம்பெனி மாறியது. பழைய அட்டையில் பாதி மிச்சம் இருந்தது. பெயரும் நிறமும் வேறாக இருந்ததால் இரண்டும் வேறு வேறு என்று நினைத்து, எட்டு நாள் இரண்டையும் சேர்த்துப் போட்டிருக்கிறார். ஒன்பதாம் நாள் காலை திண்ணையில் இருந்து எழுந்தவர் தலை சுற்றி அப்படியே சரிந்துவிட்டார். தூக்கி உட்கார வைத்த பிறகு, இரண்டு அட்டையையும் திருப்பிப் பார்த்தால் பின்னால் ஒரே வரி. அதனால் புதிய அட்டை வீட்டுக்குள் வரும் அன்றே பழையதை எடுத்துத் தனியாக வையுங்கள். புதியதில் எதற்கான குளிகை, எந்த வேளை என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். டெல்மிசார்டனை முன்கூட்டியே உரித்து டப்பாவில் போட வேண்டாம், ஈரம் பட்டால் கெட்டுப்போகும்.

அடுத்த மாத பில் கைக்கு வந்ததும், எவ்வளவு குறைந்தது என்று முதலில் மாமியாரிடம் சொல்லுங்கள். எனக்கு அப்புறம் எழுதலாம்.