ராணுவ சேவைப் பதக்கங்களுக்குச் சட்ட வரம்பு உண்டா?

அரசு பட்டம் வழங்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 18-ஆவது பிரிவு. அப்படியானால் தளபதிகளுக்கு, மிகச் சிறந்த சேவைக்கான பரம் விசிஷ்ட சேவா பதக்கம் தருவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

விடை அதே பிரிவிலேயே இருக்கிறது. ராணுவச் சிறப்புகளுக்கும் கல்விச் சிறப்புகளுக்கும் அது விலக்கு தருகிறது. பத்ம விருதுகள் பட்டமல்ல, ஆனால் பெயரோடு சேர்த்து எழுதக்கூடாது என்று 1995-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. படை அதிகாரிகளோ பெயருக்குப் பின்னால் பதக்கத்தின் சுருக்கப் பெயரைத் தாராளமாகப் போட்டுக்கொள்கிறார்கள்.

சரி, வரம்புகள்? இந்தப் பதக்கத்துக்குத் தனிச் சட்டம் கிடையாது. 1960-இல் விசிஷ்ட சேவா பதக்கம் மூன்று வகுப்புகளாகத் தொடங்கியது. முதல் வகுப்புக்குப் பரம், இரண்டாம் வகுப்புக்கு அதி என்ற பெயர்கள் 1967-இல் வந்தவை. விதிப்படி எல்லாப் பதவியினரும் தகுதியுள்ளவர்களே. நடைமுறையில் பரம் விசிஷ்ட பெரும்பாலும் மூன்று நட்சத்திர ஜெனரல்களுக்கும் (லெப்டினன்ட் ஜெனரல் நிலை) அதற்கு மேலுள்ளவர்களுக்கும்தான் போகிறது. இது என் கண்ணை உறுத்தும் விஷயம். மறைவுக்குப் பிறகும் தரலாம். மறுபடி பெற்றால் புதுப் பதக்கம் இல்லை, ரிப்பனில் ஒரு பட்டை சேரும். கொடுத்ததை ரத்து செய்யவும் குடியரசுத் தலைவருக்கு அதிகாரம் உண்டு. போர்க்காலச் சேவைக்கு 1980 முதல் யுத்த சேவா பதக்க வரிசை தனியாக இருக்கிறது.