பழைய கேசட்டுகளை டிஜிட்டல் ஆக்க வெளிநாட்டு நிதி: முன்பணம் கொடுக்கலாமா?

கும்பகோணம் பக்கத்திலிருந்து ஒரு சிறிய டிரஸ்ட்டின் செயலாளர் கேட்டிருக்கிறார்: “எங்கள் கோயில் திருவிழாக்களில் 1970களிலிருந்து பதிவு செய்த நாதஸ்வரக் கச்சேரிகள் 340 கேசட்டுகளிலும் 40 ஸ்பூல் டேப்புகளிலும் இருக்கின்றன. சிலவற்றில் பூஞ்சை பிடித்துவிட்டது. வெளிநாட்டு நிதி வாங்கித் தருவதாக ஓர் ஆலோசகர் சொல்கிறார். முன்பணம் 50,000 ரூபாய், நிதி வந்ததும் அதில் 15 சதவீதம் வேண்டுமாம். எங்களிடம் எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லை. வேறொரு டிரஸ்ட்டின் கணக்கில் பணத்தை வாங்கி உங்களுக்கு மாற்றித் தருகிறேன் என்கிறார். நம்பலாமா?”

கொடுக்காதீர்கள். முன்பணமும் வேண்டாம், 15 சதவீதமும் வேண்டாம். வேறொரு டிரஸ்ட் வழியாக என்ற பேச்சை அவர் எடுத்த அன்றே எழுந்து வந்திருக்க வேண்டும். 2020இல் எஃப்சிஆர்ஏ சட்டத்தைத் திருத்தியபோது, ஒரு நிறுவனம் வாங்கிய வெளிநாட்டு நன்கொடையை இன்னொருவருக்கு மாற்றித் தருவதை அடியோடு தடுத்துவிட்டார்கள். அந்த டிரஸ்ட்டிடம் பதிவு இருந்தாலும் மாற்ற முடியாது, உங்களிடம் பதிவு இருந்தாலும் முடியாது. மாட்டினால் ஆலோசகர் வரமாட்டார். கையெழுத்துப் போட்ட நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

இப்படிப்பட்டவர்கள் பெரும்பாலும் இணையத்தில் யாருக்கும் கிடைக்கும் ஒரு பட்டியலைக் கையில் வைத்திருப்பார்கள். அதில் ‘ரெக்கார்டிங்ஸ் அட் ரிஸ்க்’ என்ற ஒலிப்பதிவுப் பாதுகாப்பு நிதி இருக்கும், கிராமி அருங்காட்சியகத்தின் நிதி இருக்கும். இரண்டும் வட அமெரிக்காவில் இருப்பவர்களுக்கானவை. உங்களுக்குப் பொருந்தக்கூடியது அமெரிக்காவின் யுசிஎல்ஏ பல்கலைக்கழக நூலகம் நடத்தும் ‘மாடர்ன் எண்டேஞ்சர்ட் ஆர்கைவ்ஸ் புரோகிராம்’, அழியும் நிலையிலுள்ள ஆவணங்களுக்கான நிதித் திட்டம். 20ஆம் நூற்றாண்டு ஒலிப்பதிவுகளுக்கும் அதில் இடம் உண்டு. திட்டமிட 15,000 டாலர் வரை, முழு வேலைக்கு 50,000 டாலர் வரை என்று விண்ணப்ப அழைப்புகள் வந்திருக்கின்றன. விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. மூல டேப் நம் நாட்டிலேயே இருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி, பிரதி மட்டும் எல்லோரும் கேட்கும்படி இணையத்தில் போகும். அழைப்பு எப்போது திறக்கிறது என்பதை அவர்கள் தளத்திலேயே பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கு நடுவில் ஓர் ஆள் எதற்கு?

ஆனால் இந்தப் பணத்தை வாங்கவும் எஃப்சிஆர்ஏ வேண்டும். அதற்கு டிரஸ்ட்டுக்கு மூன்று வயது ஆகியிருக்க வேண்டும், அந்த மூன்று ஆண்டுகளில் 15 லட்சம் ரூபாயாவது செலவு செய்திருக்க வேண்டும். கோயில் மண்டபத்தில் பீரோ வைத்து டேப்பைக் காப்பாற்றுகிற டிரஸ்ட் 15 லட்சத்துக்கு எங்கே போகும்? டேப்புகள் இருப்பதோ பெரும்பாலும் இப்படிப்பட்ட சின்ன இடங்களில்தான். விதி எழுதியவர்கள் ஒரு நாளாவது ஒரு கேசட் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கலாம். சரி, உங்களுக்குள்ள வழி ‘முன் அனுமதி’. குறிப்பிட்ட நன்கொடையாளர், குறிப்பிட்ட தொகை, குறிப்பிட்ட வேலை என்று அவர்களிடம் உறுதிக் கடிதம் வாங்கி உள்துறை அமைச்சகத்துக்கு விண்ணப்பிப்பது. பணம் வருவது டெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் திறக்கும் கணக்கில்தான். உங்கள் ஆடிட்டரே இதைச் செய்யலாம்.

ஒரு விலக்கைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நம் ஊர்களில் நிறையப் பேர் இதில்தான் தடுமாறுகிறார்கள். சிங்கப்பூரில், மலேசியாவில், கனடாவில் இருக்கும் ஊர்க்காரர்கள் பணம் தருவார்கள். அது வெளிநாட்டு நன்கொடையா? பார்க்க வேண்டியது பாஸ்போர்ட். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் எத்தனை ஆண்டு வெளியே இருந்தாலும், தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. எஃப்சிஆர்ஏ இல்லாமலே வாங்கலாம். அவருடைய சொந்தத் தம்பியே கனடாக் குடியுரிமை எடுத்திருந்தால் அவர் தரும் ஆயிரம் ரூபாயும் வெளிநாட்டு நன்கொடைதான். ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தருவது) இருக்கிறதே என்பார்கள். அட்டை இருந்தாலும் அவர் வெளிநாட்டுக் குடிமகன்தான். அண்ணன் தம்பி சேர்ந்து ஒரே தொகையாக அனுப்பினால் சிக்கல். அங்குள்ள ஊர்ச் சங்கத்தின் பெயரில் வந்தாலும் சிக்கல். ஆகவே தனித்தனியாக, அவரவர் சொந்தக் கணக்கிலிருந்து வாங்குங்கள். ஒவ்வொருவரிடமும் இந்தியப் பாஸ்போர்ட் நகலும் ஒரு கடிதமும் வாங்கிக் கோப்பில் வையுங்கள். உங்கள் அளவு வேலைக்கு ஆறேழு பேர் இப்படிக் கொடுத்தாலே தொடங்கிவிடலாம்.

உள்ளூரில் கம்பெனிகளின் சிஎஸ்ஆர் (சமூகப் பொறுப்பு நிதி) பணமும் உண்டு. கலை, பண்பாட்டுப் பாதுகாப்பு கம்பெனிச் சட்டத்தின் ஏழாம் அட்டவணையிலேயே இருக்கிறது. 12ஏ, 80ஜி என்று சொல்லும் வருமான வரிப் பதிவுகளையும், சிஎஸ்ஆர் பணம் வாங்குவதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவையும் முடித்து வையுங்கள். இங்கும் ‘பிராசஸிங் கட்டணம்’ என்று கேட்டால் போனை வைத்துவிடுங்கள்.

ஆலோசகருக்குக் கொடுக்க நினைத்த பணத்தில் முதலில் செய்ய வேண்டியது பட்டியல். கேசட்டுக்கு ஓர் எண், வாசித்தவர், தவில் யார், நாள், இடம், அட்டையில் எழுதியிருப்பது, டேப்பின் நிலை. நிதி கொடுக்கிறவர்கள் பார்ப்பது இதைத்தான். அட்டையில் வெறும் ‘ஆனி திருமஞ்சனம்’ என்று எழுதியிருக்கும். அது எந்த ஆண்டு என்று சொல்லக்கூடிய பெரியவர் இன்றைக்கு உங்கள் ஊரில் இருப்பார். இந்த மாதமே அவரை உட்கார வைத்துக் கேளுங்கள். அப்புறம் வித்வான்களின் குடும்பங்களிடம் கடிதம். வாசித்தவருக்கான உரிமை 50 ஆண்டு. 2000இல் வாசித்த கச்சேரிக்கு 2050 முடியும்வரை அது இருக்கிறது. இணையத்தில் போட அந்தக் கடிதம் வேண்டும்.

அடுத்த பயம் எனக்கு டிஜிட்டல் ஆக்கும் கடைகள் மேல்தான். ஒரு குடும்பம் தாத்தாவின் கச்சேரி டேப்புகளைக் கடையில் கொடுத்தது. இரைச்சல் நீக்குகிறேன் என்று தவிலின் கூர்மையையே நீக்கி, எம்பி3யாக ஒரு பென் டிரைவில் கொடுத்தார்கள். டேப்புகளை ‘இனி எதற்கு’ என்று கழித்துவிட்டார்கள். அந்தப் பென் டிரைவைப் பிடித்துக்கொண்டு அந்த வீட்டுப் பெண் என் முன்னால் அழுதார். சொல்ல எனக்கு எதுவும் இல்லை. நீங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்: 96 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வேவ் (சுருக்காத) கோப்பு, எந்தத் திருத்தமும் செய்யாமல், ஒவ்வொரு கேசட்டுக்கும் டேப்பைப் படிக்கும் ஹெட்டின் கோணத்தைச் சரிசெய்து, மூல டேப் திரும்ப உங்கள் கைக்கு. இந்தத் தரத்தில் ஸ்டீரியோ ஒரு மணி நேரம் சுமார் 2 ஜிபி. உங்கள் 340 கேசட்டும் 90 நிமிடக் கேசட் என்றால் 510 மணி நேரம், அதாவது ஏறக்குறைய 1 டிபி. மூன்று ஹார்ட் டிஸ்க் வாங்கி மூன்று பிரதி எடுங்கள், ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். 510 மணி நேரத்தை ஓடவிட்டுத்தான் எடுக்க முடியும். ஒரு வாரத்தில் முடித்துத் தருகிறேன் என்பவரிடம் எத்தனை டெக் (டேப் ஓட்டும் கருவி) வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள்.

பூஞ்சை பிடித்தவற்றை இன்றே தனிப் பெட்டிக்கு மாற்றுங்கள். முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள். சும்மா கேட்டுப் பார்ப்போம் என்று டெக்கில் போடாதீர்கள். ஒரு டேப்பின் பூஞ்சை ஹெட்டில் ஒட்டி அடுத்த டேப்புக்குப் போகும்.