இமேஜ் ப்ரொசெசிங் படிச்சா வேலை இருக்கா? வெள்ளவத்தை அம்மா ஒருத்தருக்கு எழுதின பதில்

அக்கா, உங்க வொய்ஸ் மெசேஜ் கேட்டேன். மகன் மெத்ஸ்ல ஏஎல் எழுதிட்டு இமேஜ் ப்ரொசெசிங்தான் படிப்பேன்னு நிக்கிறான், சொந்தக்காரங்க அது ஸ்டூடியோல போட்டோ எடிட் பண்ற வேலைதானேன்னு கேக்குறாங்க. இல்லக்கா, அது வேற இது வேற. படத்துல என்ன இருக்கு, என்ன மாறியிருக்குன்னு கணக்கு போட்டு கம்பியூட்டர கண்டுபிடிக்க வெக்கிறதுதான் இது. ரெண்டு உதாரணம் சொல்றேன்.

ஒரே இடத்த வேற வேற நேரத்துல எடுத்த ரெண்டு படத்த ஒன்னுலருந்து ஒன்னு கழிச்சா எங்க மாறியிருக்குன்னு தெரியும், கேக்க லேசு, ஆனா நிழல் விழுந்தாலும் மரம் ஆடினாலும் மேகம் வந்தாலும் அதுவும் மாற்றம்னுதான் காட்டும், உண்மையான மாற்றத்த பிரிச்செடுக்கத்தான் நிகழ்தகவு எல்லாம் வேணும். காலிமுகத்திடல் பக்கத்துல போர்ட் சிட்டிக்கு 269 ஹெக்டயர் கடல நிரப்பினாங்களே, லேண்ட்சாட்ங்கிற அமெரிக்க சாட்டலைட் 2013ல எடுத்த படத்தையும் இப்பத்தய படத்தையும் வெச்சு அத மகனே வீட்டுல செஞ்சு பாக்கலாம், அந்தப் படங்கள் 2008ல இருந்து இலவசம்.

மற்றது, வெளிநாட்டுக்கு வீடியோ கோல் எடுத்தா மூஞ்சி கட்டம் கட்டமா உடையுதே, அது. வீடியோங்கிறது வரிசையா ஓடுற படங்கள், ஒவ்வொரு படமும் ஒரு ப்ரேம். எல்லா ப்ரேமும் முழுசா வராது, முந்தினதுல இருந்து என்ன மாறிச்சோ அதத்தான் அனுப்புவாங்க, அதனால நெட்ல வர்ற டேட்டாவுல ஒரு துண்டு, பாக்கெட்னு சொல்வாங்க, அது தொலஞ்சா அந்தப் பிழை அடுத்த முழு ப்ரேம் வர்ற வரைக்கும் தொத்திக்கிட்டே போகும். பக்கத்து கட்டம் எந்தப் பக்கம் நகந்திச்சுன்னு பாத்து காணாம போனத பழைய ப்ரேம்ல இருந்து நிரப்புவாங்க. பாருங்க, ரெண்டுக்கும் அடி ஒன்னுதான், ஒரு படத்துக்கும் மத்ததுக்கும் என்ன மாறிச்சுன்னு பாக்குறது.

இந்தப் பேர்லயே டிகிரி தேடாதீங்க. மொரட்டுவயில எலக்ட்ரோனிக் அண்ட் டெலிகொம், இல்லாட்டி கொம்பியூட்டர் சயன்ஸ், கொழும்புல யூசிஎஸ்சி, அதாவது கொழும்பு கம்பஸோட கம்பியூட்டர் பிரிவு. கம்பஸுக்கு எடுக்க இசட் ஸ்கோர் காணாட்டி யூசிஎஸ்சியோட பீஐடின்னு வெளிவாரி ஐடி டிகிரி இருக்கு, அதுவும் பிழையில்ல. சாட்டலைட் பக்கம் ஆசைன்னா சப்ரகமுவயில ஜியோமெட்டிக்ஸ், நில அளவை, மேப் சம்பந்தப்பட்ட படிப்பு, யாரும் கவனிக்கிறதில்ல, எனக்கு அது நல்ல வழின்னுதான் படுது. வேலைய பத்தி ஒளிக்காம சொல்றேன், இங்க ஆரம்பத்துல பெரும்பாலும் சொப்ட்வெயார் இன்ஜினியராத்தான் எடுப்பாங்க, முழுக்க இதையே செய்ற இடம் கொஞ்சம்தான்.

காசு கட்டி ஆறு மாச ஏஐ டிப்ளோமாவுல மட்டும் இப்ப சேக்காதீங்க. ப்ரோக்ராம் எழுதுற பைத்தனும், அதோட படங்கள கையாள உதவுற ஓப்பன்சிவியும் ஃப்ரீ, லெப்டொப் கெமரா முன்னால ஆள் வந்தா மட்டும் சொல்ற ஒரு ப்ரோக்ராம் எழுதச் சொல்லுங்க, ஃபேன் காத்துல கர்ட்டன் ஆடினதுக்கெல்லாம் ஆள் வந்துட்டாங்கன்னு அது கத்தும், அப்ப இவன் சலிச்சு எழும்புறானா இல்ல சாப்பாட்ட மறந்து நோண்டுறானான்னு பாருங்க.

ரிசல்ட் வந்ததும் ஸ்கோர அனுப்புங்க, கம்பஸுக்கு போடுற யூஜிசி விண்ணப்பத்துல கோர்ஸ் ஒழுங்கு போட முதல் அவனையும் வெச்சு பேசுவோம்.