வருகை மாணவராக ஓராண்டு இங்கிலாந்து போகிறேன். ஆய்வுக்குரிய ஆங்கிலத்தை எப்படி வளர்த்துக்கொள்வது?

நீங்கள் தமிழ்வழியில் படித்தவர், ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் எழுத்துப் பகுதி மட்டும் காலை வாரியிருக்கும் என்று ஊகித்துக்கொண்டே எழுதுகிறேன். தவறென்றால் மன்னிக்கவும். நான் அப்படித்தான் போனேன். மொத்தம் 7, எழுத்தில் 6.

சிதம்பரத்துக்குக் கிழக்கே ஒரு மீனவ ஊர் என்னுடையது. பிச்சாவரம் சுரபுன்னைக் (மாங்குரோவ்) காட்டில்தான் முனைவர் பட்ட ஆய்வு. இங்கே பதிவு செய்துகொண்டு ஓராண்டு வரை இங்கிலாந்தில் ஆய்வு செய்துவர காமன்வெல்த் உதவித்தொகை ஒன்று உண்டு. அதில் போனேன். கிளம்பும் முன், நியூசிலாந்தின் மொழியியலாளர் ஏவரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட ஆங்கிலக் கல்விச் சொற்பட்டியலை, 570 சொற்குடும்பங்களையும், ஒரு நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தேன். அந்த நோட்டு இன்றும் வீட்டில் இருக்கிறது. அதனால் ஒரு பயனும் இல்லை என்று சொல்ல மாட்டேன், படிக்கும்போது உதவியது. எழுதும்போது கைவிட்டது.

முதல் இயலில் இப்படி எழுதியிருந்தேன்: 2004 சுனாமியில் சுரபுன்னைக் காடுகள் ஊர்களைக் காப்பாற்றின என்பது நிரூபிக்கப்பட்ட உண்மை. அங்கிருந்த நெறியாளர் 'நிரூபிக்கப்பட்ட' என்ற சொல்லைப் பென்சிலால் வட்டமிட்டு, "யார் நிரூபித்தார்கள்?" என்று ஓரத்தில் எழுதியிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. சுனாமி வந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலை என் அம்மா ஐந்து வயதான என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறார். யார் நிரூபித்தார்கள் என்று எங்கள் ஊரில் வந்து கேட்டுப் பாருங்கள் என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. அந்த அளவுக்கு ஆங்கிலம் வாயில் வரவில்லை என்பதும் காரணம்.

அவர் இரண்டு கட்டுரைகளைக் கையில் கொடுத்தார். ஒன்று 2005-இல் வந்தது. நம் கடற்கரையில் 18 குப்பங்களை ஒப்பிட்டு, காடு இருந்த இடத்தில் சாவு குறைவு என்றது. மற்றொன்று அடுத்த ஆண்டே வந்த மறுப்பு. அதே புள்ளிவிவரத்தை மறுபடி கணக்கிட்டு, கடலிலிருந்து ஊர் எவ்வளவு தள்ளி இருந்தது, தரை எவ்வளவு உயரம் என்ற இரண்டுமே சாவு எண்ணிக்கையைப் பெரும்பாலும் விளக்கிவிடுகின்றன என்றது. காடு வளரும் இடங்களுக்குப் பின்னால் இருக்கும் ஊர்கள் பொதுவாகவே கடலிலிருந்து தள்ளித்தானே இருக்கும்! அந்த மறுப்புக்கும் பதில் எழுதியவர்கள் உண்டு. மூன்று நாள் தூக்கமில்லை. என் ஊர் சங்கதி எனக்கே பாதிதான் தெரிந்திருந்தது.

அதற்குப் பிறகுதான் பிடிபட்டது. யார் சொன்னது, எவ்வளவு உறுதியாகச் சொன்னது, அதில் நான் எங்கே நிற்கிறேன் என்று வாக்கியத்துக்கு வாக்கியம் காட்டச் சொல்கிறார்கள். 'மே' (கூடும்), 'சஜஸ்ட்' (என்று தோன்றச் செய்கிறது) போன்ற எளிய சொற்களுக்குத்தான் அங்கே வேலை அதிகம். இதுவும் நமக்குப் புதிதல்ல. "என்பாரும் உளர்" என்று பிறர் கொள்கையைச் சொல்லிவிட்டு, பிறகு அதை மறுத்தவர்கள் நம் பழைய உரையாசிரியர்கள். பள்ளியில்தான் நமக்கு அதைச் சொல்லித்தரவில்லை. கோனார் உரையை அப்படியே ஒப்பித்தவன் முதல் மதிப்பெண் வாங்கினான். அந்தப் பழக்கத்தில் ஆய்வுக் கட்டுரைகளின் வரிகளை ஒட்டி ஒட்டி எழுதி, பிறர் எழுத்தோடு ஒத்த வரிகளைக் காட்டித்தரும் டர்னிட்டின் மென்பொருளின் அறிக்கை ஹோலிப் பண்டிகைபோல வண்ணமாக வந்து, கூனிக் குறுகி நின்ற கதையும் உண்டு. அதை இங்கே விரிக்க விருப்பமில்லை.

வெள்ளைக்காரனிடம் அடிமைப் புத்தி என்று பின்னூட்டம் போட வருபவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். தமிழில் ஆய்வு எழுதினாலும் "யார் நிரூபித்தார்கள்?" என்ற கேள்வி அப்படியே நிற்கும்.

எனக்கு உதவியவை: வருகை மாணவர்களுக்கும் பல்கலைக்கழகத்தில் இலவச எழுத்து வகுப்பு இருந்தது. வெட்கப்படாமல் முதல் வாரமே பெயர் கொடுங்கள். நான் ஐந்து மாதம் வீணடித்தேன். மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் 'அகடமிக் ஃப்ரேஸ்பேங்க்' இணையத்தில் இலவசம். எதிர்க்கருத்தைச் சொல்வது, தயங்கிச் சொல்வது என ஒவ்வொன்றுக்கும் வாக்கிய அச்சுகள் கிடைக்கும். கட்டுரையைப் படித்ததும் மூடி வைத்துவிட்டு, அறை நண்பரிடம் வாயால் சொல்லிப் பாருங்கள். எனக்கு வாய்த்தவர் நைஜீரியக்காரர், சுரபுன்னை என்றால் என்னவென்றே அறியாதவர். அவருக்குப் புரிந்த பிறகே எழுத உட்காருவேன். எழுதி முடித்த பிறகுதான் மூலத்தைத் திறப்பேன்.

ஊர் திரும்பியதும் அம்மா என்ன எழுதினாய் என்று கேட்டார். காடு காப்பாற்றியிருக்கக்கூடும் என்று எழுதியிருக்கிறேன் என்றேன். "கூடுமா? இதற்கா ஒரு வருடம் போனாய்?" என்றார். இன்னும் பதில் சொல்லவில்லை.

கடைசியாக, ஆங்கிலத்துக்குச் சம்பந்தமில்லாத ஒன்று. விமானம் ஏறும் அவசரத்தில் நான் இங்கே துறை வருகைப் பதிவேட்டில் பதினோரு நாள் கையெழுத்து விட்டுவிட்டேன். போவதற்கு முன் இங்கே வரவேண்டிய மூன்று மாத உதவித்தொகை நிலுவையை அதைக் காட்டியே நிறுத்தி வைத்தார்கள். விமானச் சீட்டு, விசா, அங்கிருந்து வந்த கடிதம் எதுவும் செல்லவில்லை. "பதிவேட்டில் இல்லையே தம்பி" என்பதுதான் பதில். திரும்பி வந்து எட்டு மாதமாகிறது, பணம் இன்னும் வரவில்லை. நீங்கள் கிளம்பும் நாள்வரை கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.