மறு: கைச் சுகாதார ஆய்வுக் கட்டுரையை 15 நிமிடத்தில் எப்படிச் சொல்வது?

தங்கச்சி, கைச் சுகாதாரம் பற்றிய 12 பக்க ஆங்கில ஆய்வுக் கட்டுரையை வகுப்பில் 15 நிமிடத்தில் சொல்ல வேண்டும், கையில் 22 ஸ்லைட், அட்டவணையில் கேள்வி வந்தால் மாட்டிக்கொள்வேன் என்ற பயம். இதுதானே பிரச்சினை?

ஸ்லைட்டுகளை ஏழெட்டாகக் குறையுங்கள். அட்டவணைகளில் முக்கியமான ஒன்றை மட்டும் போடுங்கள், அதிலும் ஒரு வரியைத்தான் விளக்க வேண்டும். உதாரணத்துக்கு, ஆபத்து விகிதம் (இரண்டு குழுக்களின் தொற்று ஆபத்தை ஒப்பிடும் எண்; 1 என்றால் வித்தியாசம் இல்லை) 0.7, நம்பிக்கை இடைவெளி (உண்மையான விகிதம் இருக்கக்கூடிய வீச்சு) 0.5 முதல் 1.1 வரை என்று இருந்தால், நடுவில் 1 அகப்படுகிறது. அப்படியென்றால் தொற்று குறைந்தது என்று உறுதியாகச் சொல்ல ஏலாது. இதை விளங்கிச் சொன்னாலே விரிவுரையாளர் தலையாட்டுவார். p பெறுமானம் (உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.05க்குக் கீழே என்று ஒப்புவிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அப்புறம், மிச்ச நேரத்தை நம்முடைய வாட்டுக்குக் கொடுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2009இல் சொன்ன, கையைச் சுத்தம் செய்ய வேண்டிய ஐந்து தருணங்கள் எல்லாருக்கும் பாடம். மதுசாரக் கரைசலுக்கு 20 முதல் 30 செக்கன், சவர்க்காரமும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 செக்கன். சரி, கிளிநொச்சியிலோ மாங்குளத்திலோ ஒருவர் இரவுக் கடமையில் தனியாக நிற்கும்போது இது நடக்குமா? கட்டுரையில் வந்த ஆஸ்பத்திரியில் ஒரு தாதிக்கு எத்தனை நோயாளிகள் என்று ஆய்வுமுறைப் பகுதியில் தேடிப் பாருங்கள். வகுப்பு வாய் திறப்பது அங்கேதான்.

அறிமுகத்துக்கு ஒரு நிமிடம் போதும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் வகுப்பென்றால் அரை நிமிடம்.