தாளால் மூடிக்கொண்டு பாருங்கள்

கேள்வி: ஆறு மாதமாகத் தினமும் ஒரு மணி நேரம் செஸ் கிராண்ட்மாஸ்டர்களின் ஆட்டங்களைப் பார்க்கிறேன். பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. நானே ஆட உட்கார்ந்தால் ஒன்றும் தோன்றுவதில்லை. பார்ப்பதில் பயன் உண்டா?

பதில்: நிச்சயம் உண்டு. முன்னாள் உலக சாம்பியன் கபபிளாங்கா நான்கு வயதில் அப்பா ஆடுவதைப் பார்த்தே செஸ் கற்றதாக எழுதியிருக்கிறார். ஆனால், அப்பா குதிரையைத் தப்பாக நகர்த்தியதையும் அந்தக் குழந்தை பிடித்துவிட்டது. அப்படியானால், ஒவ்வொரு நகர்வையும் அது மனதுக்குள் சரிபார்த்துக்கொண்டே இருந்திருக்கிறது. நீங்கள் விட்டது அதைத்தான். விடை கண்ணெதிரே இருக்கும்போது எல்லாமே புரிந்த மாதிரிதான் இருக்கும்.

1924 நியூயார்க் போட்டியில் அதே கபபிளாங்கா டார்டகோவரை வென்ற ஆட்டத்தை நான் முதலில் இரண்டே நிமிடத்தில் ஓட்டிப் பார்த்தேன். எதுவும் மனதில் நிற்கவில்லை. அப்புறம் ஒருநாள் காய்களைப் பலகையில் அடுக்கி, நகர்வுகளைத் தாளால் மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். ஆளுக்கொரு யானையும் சில சிப்பாய்களும்தான் மிச்சம். 35வது நகர்வு. வெள்ளைச் சிப்பாய் ஒன்றைக் கருப்பு யானை குறிவைக்கிறது. ‘யானையைப் பின்னுக்கு இழுத்துக் காப்பாற்று’ என்று நோட்டில் எழுதினேன். தாளை விலக்கினால், அவர் ராஜாவை முன்னால் நகர்த்தியிருக்கிறார்! இரண்டு சிப்பாய்களை, இரண்டு முறையும் செக்கோடு, பறிகொடுக்கிறார். ராஜா மட்டும் நடந்துகொண்டே இருக்கிறது. வழியில் எதிரியின் சிப்பாய் ஒன்று சும்மா கிடைக்கிறது, அதையும் வெட்டவில்லை. ஏன் என்று எனக்குப் பிடிபட ஒரு மாலை முழுக்க ஆனது. கருப்பு யானையின் செக்கிலிருந்து வெள்ளை ராஜாவை மறைக்கும் திரை அந்தச் சிப்பாய்தான்! காய்கள் குறைந்துபோன இறுதிக் கட்டத்தில் ராஜாவைப் பூட்டி வைக்கும் பழக்கம் என்னை விட்டுப் போனது அன்றுதான்.

அதனால் வாரத்துக்கு ஓர் ஆட்டம் போதும். தொடக்க நகர்வுகளை வேகமாகத் தாண்டுங்கள். அப்புறம் ஒவ்வொரு நகர்வுக்கும் முன்னால் உங்கள் நகர்வையும் காரணத்தையும் ஒரு வரியில் எழுதுங்கள். கணினியிடம் கேட்பது கடைசியில்தான்.

பழைய ஆட்டங்களிலிருந்து ஆரம்பியுங்கள். இன்றைய வீரர்கள் எதிராளியின் திட்டத்தை முளையிலேயே கிள்ளிவிடுகிறார்கள், பலகையில் அது கண்ணுக்கே தெரியாது. அமெரிக்க வீரர் பால் மார்ஃபி 1858இல் பாரிஸ் ஓபரா அரங்கில் ஆடியது பதினேழே நகர்வு. 16வதில் ராணியைக் கொடுத்து, அடுத்ததில் மேட். 9வது நகர்விலிருந்து தாளை வைத்து மூடுங்கள்.

நேரலை பார்ப்பதானால், யார் கை ஓங்கியிருக்கிறது என்று காட்டும் கருப்பு வெள்ளைப் பட்டையையும் சேர்த்து மூடிவிடுங்கள்.