ஐ.நா. போன்ற பெரிய சர்வதேச அமைப்பில் பதவி போகிறவர்களுக்கு எச்.ஆர். (மனிதவளப் பிரிவு) என்ன உதவி செய்ய முடியும்? ரெஸ்யூமே பட்டறை போதுமா?

போதாது. பட்டறை வேண்டாம் என்று சொல்லவில்லை, அதை முதலில் வைக்காதீர்கள் என்கிறேன். நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் ஏறக்குறைய 40 பேர், டிசம்பர் 31-ல் பதவிகள் நீக்கம், மேலிடம் "கேரியர் டிரான்சிஷன் சப்போர்ட் கொடுங்கள்" என்று ஒரு வரி மெயில் அனுப்பிவிட்டு நகர்ந்துவிட்டது. 2025-லிருந்து இது ஊருக்கு ஊர் நடக்கிறது. அந்த ஆண்டு மார்ச்சில் ஐ.நா.வின் சிக்கன, மறுசீரமைப்புத் திட்டமான யுஎன்80 அறிவிப்பு வந்தது. உலக சுகாதார நிறுவனம் 2026-27 பட்ஜெட்டை 530 கோடி டாலரிலிருந்து 420 கோடிக்கு, அதாவது 21 சதவீதம் இறக்கியது. எல்லா இடத்திலும் முதலில் வருவது மன அழுத்த மேலாண்மை வகுப்புதான். ஊழியருக்கோ தன் கடைசித் தேதி எது, கையில் எவ்வளவு வரும் என்பதே தெரிந்திருக்காது. அது தெரியாதவரை உட்கார வைத்து மூச்சுப் பயிற்சி சொல்லிக்கொடுப்பது எரிச்சலைத்தான் கூட்டும்.

கீழே வரும் விதிகள் ஐ.நா. செயலகத்தினுடையவை. உங்கள் அமைப்பு வேறு என்றால் உங்கள் விதிப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு படியுங்கள். "எங்கள் அமைப்பில் அப்படி இல்லை" என்று பின்னூட்டம் போட வருபவர்களுக்கும் இதே பதில்.

முதல் வேலை, ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு பக்கத்தில் ஒரு தாள். பெயர், ஒப்பந்த வகை, ஒப்பந்தம் முடியும் தேதி, பதவி நீக்கப்படும் தேதி, பென்ஷன் நிதியில் கட்டிய சேவைக்காலம், மிச்ச விடுப்பு, விசா நிலை, பள்ளியில் படிக்கும் பிள்ளைகள். 40 பேருக்கு இதைத் தயாரிக்க இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒரு வாரம் பிடிக்கும். இந்தத் தாளில் ஒப்பந்தம் முடியும் தேதியையும் பதவி நீங்கும் தேதியையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதுங்கள். காசு அந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

ஃபிக்ஸட் டெர்ம் (முடிவுத் தேதி குறித்த) ஒப்பந்தம் தன் தேதியில் முடிந்தால் அது "காலாவதி". இழப்பீடு கிடையாது, விதிப்படி முன்னறிவிப்புகூடக் கட்டாயமில்லை. ஒப்பந்தம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும்போது பதவியை நீக்கினால் அது "பணிநீக்கம்". 30 நாள் எழுத்துமூல முன்னறிவிப்பு உண்டு, இழப்பீடும் உண்டு. ஆறு ஆண்டுக்குக் குறைந்த சேவை என்றால், ஒப்பந்தத்தில் மிச்சமிருக்கும் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு வாரச் சம்பளம், குறைந்தது ஆறு வாரம், அதிகபட்சம் மூன்று மாதம். கன்டினியூயிங் (முடிவுத் தேதி இல்லாத) ஒப்பந்தக்காரருக்கு முன்னறிவிப்பே மூன்று மாதம். இழப்பீடு சேவைக்கு ஏற்ப ஏறி, 15 ஆண்டு தாண்டினால் 12 மாதம் வரை போகும்.

நான்கு ஆண்டு சேவையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். பதவி டிசம்பர் 31-ல் போகிறது, ஒப்பந்தம் அடுத்த அக்டோபர் 31 வரை இருக்கிறது என்றால் பத்து வாரச் சம்பளம். ஒப்பந்தமும் டிசம்பர் 31-லேயே முடிகிறது என்றால் பூஜ்யம். அதனால்தான் சில மேலாளர்கள் கடைசி வருடத்தில் மூன்று மாதம், இரண்டு மாதம் என்று சின்னச் சின்ன நீட்டிப்பாகக் கொடுத்து இரண்டு தேதியையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். விதிமீறல் இல்லை. ஆனால் ஊழியருக்கு அது புரியாமலே நடக்கிறது. குறைந்தபட்சம் அவருக்கு விளக்கிச் சொல்லுங்கள், எந்தத் தேதியில் வாடகை ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பது என்றாவது முடிவெடுப்பார்.

அறிவிப்பை வாய்வார்த்தையாகச் சொல்லாதீர்கள். "நிலைமை சரியில்லை, பார்த்துக்கொள்ளுங்கள்" என்று காபி குடிக்கும்போது சொல்வது அறிவிப்பு ஆகாது. எழுத்தில் முடிவு கைக்கு வந்த நாளிலிருந்து 60 காலண்டர் நாளுக்குள் ஊழியர் நிர்வாக மறுபரிசீலனை கேட்கலாம், அதன் பிறகே தீர்ப்பாயம். இதை எல்லாம் ஊழியர்களிடம் சொன்னால் வழக்குப் போடுவார்கள் என்று பயப்படும் மேலாளர் ஒருவராவது உங்கள் கூட்டத்தில் இருப்பார். நடைமுறையில் வழக்கு வளர்வது தேதி மங்கலாக இருக்கும் இடத்தில்தான். கடிதத்தில் காரணம், தேதி, இழப்பீட்டுக் கணக்கு, மறுபரிசீலனைக்கான கெடு நான்கும் இருக்கட்டும்.

அடுத்தது பென்ஷன். அதிகம் பேர் கோட்டைவிடுவது இங்கேதான், இதற்குக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். ஐ.நா. கூட்டு ஓய்வூதிய நிதியில் ஊழியர் 7.9 சதவீதம், அமைப்பு 15.8 சதவீதம் கட்டுகிறது. ஐந்து ஆண்டுக்குக் குறைந்த சேவை என்றால் விலகும்போது தன் பங்கை வட்டியோடு எடுத்துக்கொண்டு போகலாம், வேறு வழி கிடையாது. அமைப்பு கட்டியது நிதியிலேயே நின்றுவிடும். ஐந்து ஆண்டு ஆகிவிட்டால் பிற்காலத்தில் மாதாமாதம் வரும் பென்ஷனைத் தேர்ந்தெடுக்கும் உரிமை வருகிறது. ஆகவே உங்கள் 40 பேரில் நான்கரை ஆண்டிலிருந்து ஐந்து ஆண்டு வரை நிற்பவர்களை முதலில் தேடிப் பிடியுங்கள். நான்கு வருடம் பத்து மாதத்தில் ஒருவரை அனுப்புவது, இரண்டு மாதத்துக்காக அவருடைய வாழ்நாள் பென்ஷனை வெட்டுவது.

வழி இருக்கிறது. சம்பளமில்லாத சிறப்பு விடுப்பு கொடுத்தால் அந்தக் காலத்துக்கும் நிதியில் கட்டலாம். ஊழியர் தன் பங்கோடு அமைப்பின் பங்கையும் சேர்த்து மொத்தம் 23.7 சதவீதம் கட்ட வேண்டும். இரண்டு மாதத்துக்கு அது கையைக் கடிக்கத்தான் செய்யும், ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்த்தால் பலருக்கு லாபம். இந்த விடுப்பு மேலாளரின் கருணை அல்ல, அதே சமயம் தானாகக் கிடைப்பதும் அல்ல. கடைசி வாரத்தில் கேட்டால் கையெழுத்துப் போட ஆள் இருக்கமாட்டார். குறைந்தது இரண்டு மாதம் முன்பே கோப்பு நகர வேண்டும்.

இன்னொரு குழப்பம். மிச்ச விடுப்பைக் காசாக்கினால் அந்த நாட்கள் சேவையில் சேரும் என்று பலர் நினைக்கிறார்கள். சேராது. ஃபிக்ஸட் டெர்ம், கன்டினியூயிங் ஆட்களுக்கு 60 நாள் வரை, தற்காலிக ஒப்பந்தக்காரருக்கு 18 நாள் வரை காசு கிடைக்கும், அவ்வளவுதான். சேவைக்காலம் தேவைப்படுகிறவர், ஒப்பந்தத் தேதி இடம் கொடுத்தால், விடுப்பை எடுத்துத் தீர்ப்பதே நல்லது.

விலகிய அன்றே "பணத்தை எடுத்துவிடுகிறேன்" என்று படிவம் நிரப்புகிறவர்களை ஒரு நிமிடம் நிறுத்துங்கள். 36 மாதம் வரை முடிவைத் தள்ளிப்போடலாம். அதற்குள் நிதியில் உறுப்பாக இருக்கும் வேறொரு அமைப்பில் மறுபடி சேர்ந்தால் சேவை அறுபடாமல் தொடரும். ஏழு ஆண்டு சேவை உள்ளவருக்குப் பென்ஷன் சேரும் விகிதம் முதல் ஐந்து ஆண்டில் ஆண்டுக்கு 1.5 சதவீதம், அடுத்த இரண்டில் ஆண்டுக்கு 1.75 சதவீதம், மொத்தம் 11 சதவீதம். இறுதிச் சராசரி ஊதியத்தில் 11 சதவீதம், ஆயுள் முழுக்க. கையில் ரொக்கமாக எடுத்தால் தன் பங்கும் வட்டியும், அதோடு ஐந்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு ஆண்டுக்கும் பத்து சதவீதக் கூடுதல். எது நல்லது என்று நீங்கள் சொல்லாதீர்கள், அது உங்கள் வேலை அல்ல. இரண்டு எண்ணையும் தாளில் எழுதிக் கொடுங்கள், போதும்.

பணம் தாமதமாவதற்கு வழக்கமான காரணங்கள் மூன்று. எச்.ஆர். அனுப்ப வேண்டிய விலகல் ஆவணம் போகவில்லை, சம்பளப் பிரிவின் விலகல் அறிவிப்பு போகவில்லை, ஊழியரின் கட்டண உத்தரவில் (பணத்தை எப்படித் தருவது என்று அவர் நிரப்பித் தரும் படிவம்) உள்ள கையெழுத்து நிதியிடம் உள்ள பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை. இந்த மூன்று காகிதமும் சரியாகப் போய்ச் சேர்ந்தால்தான் கோப்பு நகரும். ஊழியர் தன் படிவத்தை அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் பென்ஷன் நிதியைத் திட்டிக்கொண்டிருப்பார். தவறு பெரும்பாலும் முதல் இரண்டில், அதாவது நம் பக்கம். நிதியின் சுயசேவைத் தளத்தில் ஊழியருக்கு அலுவலக மெயில் அல்லாத முகவரி பதிவாகியிருக்கிறதா என்று அவர் இன்னும் வேலையில் இருக்கும்போதே பார்த்துவிடுங்கள். அலுவலக மெயில் கடைசி நாள் மாலையே மூடிவிடும்.

வெளிநாட்டிலிருந்து வந்தவர்களுக்கு நாடு திரும்பும் மானியம் உண்டு. தகுதிக்கான சேவைக்காலம் அவர் எப்போது சேர்ந்தார் என்பதைப் பொறுத்து மாறும். வேறு நாட்டில் குடியேறியதற்கு ஆதாரம் காட்ட வேண்டும், இரண்டு ஆண்டுக்குள் கோர வேண்டும். ஜெனிவாவில் பதவி போய் ஜெனிவாவிலேயே வேலை தேடுகிறவருக்கு இது பொருந்தாது. முன்பே சொல்லிவிடுங்கள், அவர் பட்ஜெட்டில் அதைக் கணக்கு வைத்திருப்பார். நியூயார்க்கில் ஜி-4 விசா (சர்வதேச அமைப்பு ஊழியர்களுக்கான அமெரிக்க விசா) பதவியோடு கட்டப்பட்டது, குடும்பத்தின் விசாவும் அதோடு சேர்ந்ததே. கல்வி மானியம் பள்ளியாண்டின் நடுவில் விலகினால் விகிதப்படி குறையும். பிள்ளை பத்தாம் வகுப்பில் இருந்தால் பெற்றோருக்கு ஓடுவது அந்தக் கவலைதான், லிங்க்ட்இன் புகைப்படம் அல்ல.

உள்ளூரில் எடுக்கப்பட்ட ஜி நிலை (பொதுச் சேவைப் பிரிவு) ஊழியர்கள் தனி விஷயம். பதவி நீக்கத்தின்போது பொருத்தமான காலியிடம் இருந்தால் முன்னுரிமை வரிசை உண்டு, கன்டினியூயிங்காரர்கள் முதலில். ஆனால் ஜி ஊழியருக்கு அது அதே ஊர், அதே அமைப்பு என்ற எல்லைக்குள்தான். நைரோபியில் இருக்கும் ஜி-6 ஊழியருக்கு வியன்னாவில் இடம் காலி என்பதால் ஒன்றும் ஆகப்போவதில்லை. எனவே இவர்களுக்கான உதவி உள்ளூர்ச் சந்தையைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும்: தூதரகங்கள், வங்கிகள், பெரிய தொண்டு நிறுவனங்கள். சர்வதேச வேலைவாய்ப்பு இணைப்புகளை ஜி ஊழியர்களுக்கு மொத்தமாக அனுப்புவது நேர விரயம், கொஞ்சம் அவமரியாதையும்கூட.

இனி ரெஸ்யூமே. அமைப்புக்குள் பயன்படும் விண்ணப்பச் சுயவிவரம் பத்து, பன்னிரண்டு பக்கம் ஓடும், வெளியில் இரண்டு பக்கத்துக்கு மேல் யாரும் படிப்பதில்லை. சிக்கல் நீளம் மட்டுமல்ல, மொழி. "அரசுகளுக்கிடையேயான செயல்முறைகளுக்கு ஆழமான ஆதரவு வழங்கினேன்" என்று எழுதியிருப்பார். வெளியில் இருப்பவருக்கு அது ஒன்றும் சொல்லாது. எதிரே உட்கார்ந்து கேளுங்கள்: என்னதான் செய்தீர்கள்? பதில் வரும்: ஆண்டுக்கு நான்கு அறிக்கை, ஒவ்வொன்றும் 8,500 சொல்லுக்குள், கூட்டத்துக்குப் பத்து வாரம் முன்பே ஒப்படைத்தாக வேண்டும், பிறகு ஆறு மொழிகளில் வெளிவரும், ஒன்றுகூடக் கெடு தவறவில்லை. அதை அப்படியே எழுதச் சொல்லுங்கள். கெடு, அளவு, எத்தனை பேரிடமிருந்து உள்ளீடு வாங்கினார், யாரிடம் ஒப்புதல் பெற்றார். "பி-3" என்ற அதிகாரிப் படிநிலை வெளியில் யாருக்கும் புரியாது, எத்தனை பேரை, எவ்வளவு பட்ஜெட்டை நிர்வகித்தார் என்று போடுங்கள். ஒருவருக்கு 45 நிமிடம் ஒதுக்கினால் இது முடியும். 40 பேரை ஒரு ஹாலில் உட்கார வைத்துச் சொன்னால் முடியாது.

சேவைச் சான்றிதழ் கேட்டால் கொடுத்தாக வேண்டும் என்பது விதி. ஆனால் வேலையின் தரம், நடத்தை பற்றிய வரிகள் அதில் இடம்பெற ஊழியர் எழுத்தில் கேட்டிருக்க வேண்டும். கேட்காவிட்டால் தேதிகளும் பதவிப் பெயரும் மட்டுமே இருக்கும் வறண்ட காகிதம்தான் கிடைக்கும். நீங்களே ஒரு மாதிரிக் கோரிக்கைக் கடிதம் தயாரித்துக் கொடுங்கள், மேற்பார்வையாளர் வேறு இடத்துக்கு மாறிப்போவதற்கு முன் கையெழுத்து வாங்குங்கள். மறுசீரமைப்பு நேரத்தில் மேற்பார்வையாளரும் நாற்காலியை இழந்துகொண்டிருப்பார் என்பது நினைவிருக்கட்டும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாதது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஒரே கொடியின் கீழ் இருக்கும் அமைப்புகள், ஆளுக்கொரு விண்ணப்பத் தளம். பதினைந்து ஆண்டு வேலை வரலாற்றை, மேற்பார்வையாளர் பெயர், சம்பளம், விலகிய காரணம் என்று ஒவ்வொரு தளத்திலும் முதலிலிருந்து தட்டச்சு செய்ய வேண்டியிருக்கிறது. பரஸ்பரம் ஆட்களை எடுத்துக்கொள்வோம் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுகிறவர்கள் ஒரு படிவத்தைப் பொதுவாக்க முடியாதா? பதவி போன ஒருவரின் மாலைகளைத் தின்பது இதுதான். நீங்கள் செய்யக்கூடியது, எல்லாத் தகவலும் ஒரே கோப்பில் நகலெடுக்கும் வடிவில் இருக்க ஒரு வார்ப்புரு கொடுப்பது.

கன்சல்டன்ட், தனிநபர் ஒப்பந்தம் என்று இருப்பவர்களைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. 40 என்ற எண்ணில் அவர்கள் இருக்கமாட்டார்கள், பென்ஷனும் இழப்பீடும் அவர்களுக்கு இல்லை. ஆனால் அதே மேசை வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ரெஸ்யூமே உரையாடலுக்கு அவர்களையும் கூப்பிடுங்கள், உங்களுக்கு அதில் செலவு எதுவும் இல்லை.

பட்டறை, உளவியல் ஆலோசகர், வெளி நிறுவனத்தின் நேர்காணல் பயிற்சி எல்லாம் தாள் கையில் போன பிறகு, இரண்டாவது வாரத்திலிருந்து. நாள் குறிக்கும்போது கடைசி வேலை நாளுக்குப் பிறகும் இரண்டு அமர்வு வையுங்கள், தனிப்பட்ட மெயிலுக்கு இணைப்பு அனுப்புங்கள். ஜனவரி பாதியில்தான் கேள்விகள் வர ஆரம்பிக்கும், அப்போது அலுவலகக் கதவு அட்டை வேலை செய்யாது.